குரோவர் கிளீவ்லண்ட் (1837 – 1908)

மாணவர்களே, ஐக்கிய அமெரிக்காவின் 22ஆவது ஜனாதிபதியும் 24ஆவது ஜனாதிபதியும் ஒருவரே என்பதை அறிவீர்களா? அவர்தான் குரோவர் கிளீவ்லண்ட். நியூ ஜேர்சி மாநிலத்தில் மதகுரு ஒருவரின் மகனாக 1837 மார்ச் 18இல் பிறந்தார். 16 வயதில் தந்தையை இழந்ததால் பல்கலைக்கழகம் செல்லவில்லை. சட்டத்தரணிகளின் அலுவலகம் ஒன்றில் எழுதுநராக இருந்தவாறே சட்டம் பயின்று 1859இல் சட்டத்தரணியானார். பஃபலோ நகர முதல்வர், நியூயோர்க் ஆளுநர் என உயர்ந்து 1885இல் ஜனாதிபதியானார். 1888 தேர்தலில் தோற்று, 1892இல் மீண்டும் வென்றார். பொய் பேசாதவர் என்று மக்கள் அவரை நம்பினர். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1893இல் நாட்டில் கடும் பொருளாதார நெருக்கடி. வங்கிகள் மூடப்பட்டன. அவ்வேளையில் ஜனாதிபதியின் அண்ணத்தின் இடப்பக்கத்தில் சொரசொரப்பான புண் ஒன்று காணப்பட்டது. அவர் ஓயாது சுருட்டுப் புகைப்பவர். முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் தொண்டைப் புற்றுநோயால் இறந்து 8 ஆண்டுகளே கடந்திருந்தன. வைத்தியர்கள் புண்ணிலிருந்து சிறு இழையத் துண்டை வெட்டி, நோயாளியின் பெயரைக் கூறாமலே பரிசோதனைக்கு அனுப்பினர். நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் அது புற்றுநோயாக இருக்கலாம் என்றனர்.

நோய்ச் செய்தி வெளியானால் நெருக்கடி முற்றும் என அஞ்சிய கிளீவ்லண்ட், சத்திரசிகிச்சையை ஒனெய்டா என்னும் உல்லாசப் படகில் இரகசியமாகச் செய்ய இணங்கினார். ஜூலை 1ஆம் திகதி, நாற்காலியில் அமர்த்தி மயக்கமருந்து கொடுத்து, இடது மேல்தாடை என்பின் பெரும்பகுதியையும் 5 பற்களையும் அகற்றினர். கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் கருவியின் உதவியால் எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்தது. முகத்தில் ஒரு கீறலும் இல்லை, மீசையும் தப்பியது! எஞ்சியிருந்த சந்தேகத்திற்குரிய இழையம் ஜூலை 17இல் அகற்றப்பட்டது. குழியை அடைக்க ஒரு பல் வைத்தியர் இறப்பரினால் செயற்கைத் தாடை செய்து கொடுத்தார். அதை அணிந்ததும் பேச்சு முன்போல் தெளிவாயிற்று.

மக்களுக்குச் சொல்லப்பட்டதோ பல்வலியும் மூட்டுவாதமும்! ஆகஸ்ட் 29இல் பிலடெல்பியா பத்திரிகையொன்று உண்மையை வெளியிட்டபோது, அச்செய்தியாளரே பொய்யர் எனத் தூற்றப்பட்டார். நாட்டின் நலனுக்காக மறைத்ததாகக் கூறலாம். ஆயினும் உண்மையை எழுதியவருக்கு இழைத்தது அநீதியே. 1917இல், கிளீவ்லண்ட் இறந்து 9 ஆண்டுகளின் பின், சத்திரசிகிச்சையில் பங்குபற்றிய வைத்தியர் கீன் அனைத்தையும் எழுதி வெளியிட்ட பின்னரே அச்செய்தியாளரின் பெயர் துலங்கியது.

ஆனால் வேறொரு கேள்வி எஞ்சியது. சத்திரசிகிச்சையின் பின் கிளீவ்லண்ட் 15 ஆண்டுகள் வாழ்ந்தார், நோய் திரும்பவில்லை. அப்படியானால் அது உண்மையில் புற்றுநோய்தானா? அல்லவென்று வாதிட்டோரும் இருந்தனர். நல்லவேளையாக, வெட்டிய கட்டி வீசப்படவில்லை. பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் அது பாதுகாக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து எடுத்த இழையத்தை மீண்டும் ஆராய்ந்தோர் 1980இல் முடிவை வெளியிட்டனர். அது புற்றுநோயே, ஆனால் பாலுண்ணி போன்ற தோற்றத்துடன் மெதுவாக வளர்ந்து, உடலின் வேறு பாகங்களுக்கு அரிதாகவே பரவும் வகை. இவ்வகையை அமெரிக்க வைத்தியர் அக்கர்மன் தனியாக இனங்கண்டு விவரித்ததே 1948இல்தான். 1893இல் நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களிடம் அதற்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை.