சூளையில் மலர்ந்த படிகப் பூக்கள்

1910ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் யுனிவர்சிட்டி சிட்டி என்னும் ஊரில் இருந்த மட்கலைக் கூடம் ஒன்றில், சூளையின் கதவு திறக்கப்பட்டது. உள்ளே ஒரு பீங்கான் சாடி இருந்தது. அதைச் செதுக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 1,000 மணி நேரம் செலவாகியிருந்தது. நாள்தோறும் 5 மணி நேரம் வேலை செய்தால்கூட, அது 200 நாள் உழைப்பு. ஆனால், சூளையிலிருந்து வெளியே எடுத்த அந்தச் சாடியின் அடிப்பகுதியில் பெரிய விரிசல்கள் வாய் பிளந்து நின்றன.

அந்தச் சாடியைச் செய்தவர் அடிலெய்டு ஆல்சாப் ராபினோ. விரிசலை மறைத்துவிடுவதா, சாடியை மீண்டும் நெருப்பிடம் ஒப்படைப்பதா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர் எடுத்த முடிவைப் புரிந்துகொள்ள, அவர் கடந்து வந்த பாதையை முதலில் அறிய வேண்டும்.

அடிலெய்டு 1865ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மிடில்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலிருந்தே அவருக்கு ஓவியத்தில் நாட்டம் இருந்தது. அந்நாளில் அமெரிக்கப் பெண்கள் பலர் பீங்கானில் ஓவியம் தீட்டிவந்தனர். ஐரோப்பிய ஆலைகளில் செய்யப்பட்ட வெள்ளைத் தட்டுகளையும் கோப்பைகளையும் விலைக்கு வாங்கி, அவற்றின்மேல் பூக்களையும் கொடிகளையும் வரைவார்கள். அடிலெய்டும் இக்கலையைத் தாமாகவே கற்றுக்கொண்டார். அதைப் பிறருக்குக் கற்பித்துப் பொருளும் ஈட்டினார்.

1899ஆம் ஆண்டு அவர் சாமுவேல் ராபினோ என்பவரை மணந்தார். பிரான்சில் பிறந்த சாமுவேல், சீனப் பீங்கான்களை விரும்பிச் சேகரிப்பவர். அதே ஆண்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து பீங்கான் ஓவியர்களுக்காக ஒரு மாத இதழைத் தொடங்கினர். ‘கெராமிக் ஸ்டூடியோ’ என்பது அதன் பெயர். அடிலெய்டு அதன் ஆசிரியராகப் பொறுப்பேற்றார். பின்னர் இருவரும் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் குடியேறினர். மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அடிலெய்டு இதழையும் நடத்திவந்தார்.

இதழ் நன்றாகவே நடந்தது. என்றாலும் அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. யாரோ செய்த கோப்பையின்மேல் படம் வரைவது தமக்குப் போதுமா என்று அவர் எண்ணத் தொடங்கினார். மண்ணைப் பிசைவது, சக்கரத்தில் வனைவது, மெருகு தயாரிப்பது, சூளையில் சுடுவது ஆகிய அனைத்தையும் தாமே செய்ய வேண்டும் என்ற ஆவல் அவருக்குள் வளர்ந்தது. அக்காலத்தில் மட்கலைக் கூடங்களில் ஆண்களே சக்கரத்தில் வனைவார்கள். பெண்கள் அலங்கார வேலையை மட்டும் செய்வார்கள். அந்த வழக்கத்தை அடிலெய்டு பொருட்படுத்தவில்லை. ஆல்ஃபிரட் நகரில் இருந்த மட்கலைப் பள்ளிக்குச் சென்று, சார்லஸ் பின்ஸ் என்னும் ஆசிரியரிடம் சிறிது காலம் பயின்றார். திரும்பி வந்ததும் சக்கரத்தின் முன் அமர்ந்தார். அப்போது அவர் வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் தேர்ந்தெடுத்த மண்ணும் எளிதானதன்று. சாதாரணக் களிமண் நெகிழ்வானது, கைக்கு அடங்கும். பீங்கானுக்குரிய வெண்களிமண்ணோ அவ்வளவு எளிதில் இழுத்த இழுப்புக்கு வராது. ஈரம் சற்றுக் கூடினால் சாய்ந்துவிடும், குறைந்தால் வெடித்துவிடும். சூளையில் சுடும்போது பத்து விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கும். 1,250 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அது கிட்டத்தட்ட இளகும் நிலைக்குச் சென்று, பின்பு கல்லைப் போல் இறுகும். அந்த நேரத்தில் பாண்டத்தின் சுவர் எங்காவது ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருந்தால், உருவமே கோணலாகிவிடும்.

போதாக்குறைக்கு, அவர் படிக மெருகு என்னும் கடினமான முறையையும் கற்கத் தொடங்கினார். மெருகு என்பது பாண்டத்தின்மேல் பூசப்படும் மெல்லிய கண்ணாடிப் படலம். வீட்டில் நாம் பயன்படுத்தும் பீங்கான் தட்டின் பளபளப்பு அதனால்தான் வருகிறது. படிக மெருகில் அந்தப் பளபளப்போடு வேறொன்றும் தோன்றும். பனித்துளி உறைந்து பூவானது போலவும், விசிறி விரிந்தது போலவும் படிகங்கள் மெருகுக்குள்ளேயே மலர்ந்திருக்கும். அவற்றை எவரும் தூரிகையால் வரைவதில்லை. சூளையின் வெப்பத்தில் அவை தாமாகவே வளர்கின்றன.

அது எப்படி நிகழ்கிறது? கற்கண்டு உருவாகும் விதத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டியான சர்க்கரைப் பாகை அசைக்காமல் மெல்ல ஆறவிட்டால், அதில் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டி கட்டியாக வளரும். படிக மெருகிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. மெருகுக் கலவையில் துத்தநாக ஆக்சைடு மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. சூளையின் உச்ச வெப்பத்தில் கலவை முழுவதும் உருகிவிடுகிறது. பின்னர் வெப்பத்தைச் சற்றுக் குறைத்து, 1,000 முதல் 1,100 பாகை வரை உள்ள நிலையில் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அப்போது துத்தநாகமும் சிலிக்காவும் இணைந்து, ஊசி போன்ற நுண்படிகங்களாகி, ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் விரியும். கலவையில் கோபால்ட்டு சேர்த்தால் படிகம் நீலநிறம் பெறும். செம்பு சேர்த்தால் பச்சைநிறம் தோன்றும்.

கேட்பதற்கு எளிமையாகத் தோன்றினாலும், செய்யும்போது ஒவ்வொரு படியிலும் இடர் காத்திருக்கும். மெல்ல ஆறவிடாமல் வெப்பத்தை விரைவாகக் குறைத்துவிட்டால் படிகமே தோன்றாது. வெறும் கண்ணாடிப் படலமே எஞ்சும். மிகுந்த நேரம் வைத்திருந்தால் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி, அழகிழந்துவிடும். மேலும், இந்த மெருகு உருகும்போது தேனைப் போல் வழியும் தன்மையுடையது. பாண்டத்தின் உடலைவிட்டு இறங்கி, அடியில் தேங்கி, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் பாண்டத்தை ஒரு சிறு தாங்கியின்மேல் நிறுத்திச் சுட்டு, பிறகு தாங்கியை உடைத்து நீக்கி, அடிப்பகுதியைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையின்போதும் பாண்டம் உடைந்துபோகலாம்.

பிரான்சின் செவ்ரு, டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் ஆகிய இடங்களில் இருந்த புகழ்பெற்ற ஆலைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கலையில் வெற்றி கண்டிருந்தன. அங்கே வேதியியல் வல்லுநர்களும் பழக்கப்பட்ட தொழிலாளர்களும் இருந்தனர். அடிலெய்டுக்கோ சிரக்யூசில் ஒரு சிறிய பணிமனை மட்டுமே இருந்தது. மெருகு தயாரிப்பதிலும் சூளையைக் கவனிப்பதிலும் சாமுவேல் அவருக்குத் துணையாக இருந்தார். செவ்ருவில் பணியாற்றிய தாக்சில் தோவா என்னும் பிரெஞ்சு மட்கலைஞர், உயர் வெப்பப் பீங்கானைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரைகளைச் சாமுவேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை ‘கெராமிக் ஸ்டூடியோ’ இதழில் தொடராக வெளிவந்தன. வாசகர்களுக்காக வெளியிட்ட கட்டுரைகளே அடிலெய்டுக்கும் பாடநூலாயின.

அவர் ஒவ்வொரு கலவையாகச் சோதித்துப் பார்த்தார். பல சோதனைகள் வீணாயின. ஆயினும், சில ஆண்டுகளிலேயே அவருடைய சாடிகளில் படிகங்கள் பூக்கத் தொடங்கின. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அவருடைய பீங்கான் படைப்புகள் இடம்பெற்றன. ஒரு பெண், தம் சொந்தப் பணிமனையில், தம் கையாலேயே வனைந்து இத்தகைய பீங்கானைச் செய்தது பலருக்கும் வியப்பளித்தது.

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. ஒரு சாடியைச் செய்ய வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஆகும். அத்தனை உழைப்புக்கு ஏற்ற விலை கொடுப்பவர்கள் மிகச் சிலரே. வருமானத்திற்காக அவர் பீங்கானில் கதவுக் குமிழ்களையும் செய்து பார்த்தார். இருப்பினும், ஒரே பொருளைப் பெருமளவில் செய்து விற்கும் வழியில் அவர் மனம் செல்லவில்லை. ஒவ்வொரு பாண்டமும் தனித்தன்மையோடு விளங்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1910ஆம் ஆண்டு அவருக்கு ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. எட்வர்ட் லூயிஸ் என்னும் பதிப்பாளர், பெண்களின் கல்விக்காக யுனிவர்சிட்டி சிட்டியில் ஒரு நிறுவனத்தை அமைத்து, அங்கே மட்கலைக் கூடத்தையும் ஏற்படுத்தினார். பிரான்சிலிருந்து தோவாவை வரவழைத்தார், அடிலெய்டையும் அழைத்தார். கட்டுரைகள் வழியாக மட்டும் அறிந்திருந்த ஆசானோடு ஒரே கூடத்தில் பணியாற்றும் பேறு அடிலெய்டுக்குக் கிடைத்தது.

அங்கேதான் அவர் அந்தப் பெரிய சாடியைச் செய்தார். அதன் உயரம் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர். சாணத்தை உருண்டையாக்கி உருட்டிச் செல்லும் வண்டின் உருவத்தை அவர் அதற்குத் தேர்ந்தெடுத்தார். பழங்கால எகிப்தியர்கள் அவ்வண்டைப் புனிதமாகப் போற்றினார்கள். அடிலெய்டு அதை உழைப்பாளியின் சின்னமாகக் கண்டார். சுடாத பச்சைப் பீங்கான் மண், காய்ந்த நிலையில் சுண்ணாம்புக் கட்டியைப் போல் எளிதில் நொறுங்கும். அதன்மேல் கூரிய சிறு கருவிகளால் வண்டுகளின் உருவத்தை மீண்டும் மீண்டும் செதுக்கினார். கை சற்றே அழுந்தினாலும் அதுவரை செய்த வேலை அத்தனையும் பாழாகியிருக்கும். சாடிக்கு மூடியும் தாங்கியும் அதே நுணுக்கத்தோடு செய்தார்.

அவ்வளவு பாடுபட்டுச் செய்த சாடிதான் விரிசல்களோடு சூளையிலிருந்து வெளியே வந்தது. தோவா அனுபவம் மிக்கவர். பசை போன்ற ஒரு பொருளால் விரிசல்களை அடைத்து, மேலே வண்ணம் பூசிவிடலாம் என்பது அவர் கருத்து. அப்படிச் செய்திருந்தால் சாடி கண்காட்சிக்குச் சென்றிருக்கும். பார்ப்பவர்களுக்கு விரிசல் தெரிந்தும் இருக்காது.

அடிலெய்டு அதற்கு இணங்கவில்லை. சுட்ட பீங்கானை மாவாக அரைத்து, அந்தத் தூளை விரிசல்களுக்குள் பொறுமையாக நிரப்பினார். மீண்டும் மெருகு பூசினார். சாடியை மறுபடியும் சூளைக்குள் வைத்தார். அது பேராபத்தான முடிவு. இரண்டாம் முறை சுடும்போது விரிசல் மேலும் விரியலாம், சாடி வளைந்துபோகலாம், 1,000 மணி நேர உழைப்பு ஒரே இரவில் ஓட்டுச் சில்லுகளாகிவிடலாம். சூளைக் கதவை மூடிய பின் மனிதரால் செய்யக்கூடியது ஏதுமில்லை.

சூளை ஆறியது. கதவு திறக்கப்பட்டது. சாடி முழுமையாக வெளியே வந்தது. விரிசல் இருந்த இடமே தெரியவில்லை.

1911ஆம் ஆண்டு இத்தாலியின் துரின் நகரில் நடைபெற்ற பன்னாட்டுக் கண்காட்சியில் அந்தச் சாடி உட்பட அடிலெய்டின் 55 படைப்புகள் வைக்கப்பட்டன. அங்கு அப்படைப்புகளுக்கு உயரிய பரிசு கிடைத்தது. பீங்கான் கலையில் பல தலைமுறைப் பெருமை கொண்ட ஐரோப்பாவில், பீங்கானில் ஓவியம் தீட்டித் தொடங்கிய ஓர் அமெரிக்கப் பெண் இந்தச் சிறப்பைப் பெற்றார்.

லூயிசின் நிறுவனம் பண நெருக்கடியால் நீண்ட நாள் நீடிக்கவில்லை. அடிலெய்டு சிரக்யூசுக்குத் திரும்பித் தம் பணிமனையில் வேலையைத் தொடர்ந்தார். 1916ஆம் ஆண்டு சிரக்யூஸ் கலை அருங்காட்சியகம் அவருடைய 32 படைப்புகளை வாங்கியது. 1920ஆம் ஆண்டு முதல் அவர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மட்கலையைக் கற்பித்தார். பல ஆண்டுகள் முயன்று தாம் கண்டறிந்தவற்றை அடுத்த தலைமுறைக்கு எடுத்துரைத்தார்.

1929ஆம் ஆண்டு அடிலெய்டு மறைந்தார். அதே ஆண்டு நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய நினைவாக ஒரு கண்காட்சியை நடத்தியது. 1932ஆம் ஆண்டு சிரக்யூசில் அவர் நினைவாகத் தொடங்கப்பட்ட மட்கலைக் கண்காட்சி, பின்னர் நாடு முழுவதும் உள்ள கலைஞர்கள் பங்குபெறும் பெருநிகழ்ச்சியாக வளர்ந்தது. அந்த அருங்காட்சியகம் இன்று எவர்சன் கலை அருங்காட்சியகம் என்று அழைக்கப்படுகிறது. சாணவண்டுச் சாடியை இன்றும் அங்கே காணலாம்.

‘ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்’ என்பது நம் பழமொழி. படிக மெருகு செய்பவர்களுக்கு அது அப்படியே பொருந்தும். சூளை ஆறும் வேளையில்தான் படிகம் மலர்கிறது. அடிலெய்டோ ஆறப் பொறுத்ததோடு நின்றுவிடவில்லை. ஆறிய பின் குறை தெரிந்தபோது அதை மறைக்காமல், மீண்டும் நெருப்பை மூட்டவும் துணிந்தார். குறையை மூடி மறைக்க எளிய வழி ஒன்று நம் கண்முன் தெரியும் வேளைகளில், அவருடைய சாடியை நாம் நினைத்துக்கொள்ளலாம்.