கணையத்தில் தீவு கண்ட மாணவர்

எங்கள் ஊர் ரிஷிவந்தியம். அர்த்தநாரீஸ்வரர் கோவிலில் தேன் அபிஷேகத்தின்போதுதான் லிங்கத்தில் அம்மையப்பர் உருவம் தெரியும் என்பார்கள். சித்தப்பாவின் கணையக் கட்டிக்குப் பயாப்ஸி எடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் அந்தத் தேன்தான் ஞாபகம் வந்தது. செல்லுக்கும் சாயம் ஏற்றினால்தான் உருவம் தெரியுமாம். அப்போது தேடிப் படித்தவர்தான் பால் லாங்கர்ஹான்ஸ். மோட்டார், பம்பு என்று திரிகிறவன் டாக்டர் கதை எழுதுவதை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1847-ல் பெர்லினில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர். நோய்க்கூறியல் மேதை விர்ஷோவின் மாணவர். படிக்கும்போதே, 1868-ல், தங்கக் குளோரைடு ஏற்றித் தோலில் கிளை விட்ட செல்களைக் கண்டுபிடித்தார். மறுவருஷம் பட்டத்துக்கான ஆய்வேடு, வயது 21. முயலின் கணையத்தை எடுத்துக்கொண்டார். செரிமான நீர் சுரக்கும் செல்களில் துகள்கள் மணிமணியாக இருக்கும். அவற்றுக்கு நடுவே துகளே இல்லாத, தெளிவான குட்டிச் செல்கள் கூட்டங்கூட்டமாகக் கிடந்தன. இவற்றுக்கு என்ன வேலை? தெரியவில்லை என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்! வைவாவில் நம்மில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்போம்?

பிறகு ஃப்ரைபர்க்கில் பேராசிரியரானார். 1874-ல் காசநோய் பிடித்தது. வேலையை விட்டு மதீரா தீவுக்குப் போனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, கடற்புழுக்களை ஆராய்ந்தார், நோயாளிகளைப் பார்த்தார். 1885-ல் கல்யாணம். 1888 ஜூலையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது 41 கூட நிறையவில்லை. மறுவருஷமே, கணையத்தை எடுத்த நாய்க்குச் சர்க்கரை வியாதி வருவதை மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் கண்டார்கள். அந்தச் செல் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று லகெஸ் பெயர் வைத்தது 1893-ல். இன்சுலின் வந்தது 1921-ல். எதையும் அவர் பார்க்கவில்லை.

அந்தத் தீவுகளிலும் அபூர்வமாகக் கட்டி வரும். அதிலும் அபூர்வம், செல்லுக்குள் கொழுப்பு நிறைந்த வகை. சிலைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிட, செல் காலியாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், சிறுநீரகப் புற்றுநோயும் பார்க்க இப்படியேதான் இருக்கும். அது பல வருஷம் கழித்துக்கூடக் கணையத்துக்குப் பரவும். வைத்தியமோ வேறு. ஆகவே தனிச் சாயங்கள் போட்டு, எந்த ஊர்ச் செல் என்று விசாரித்தே தீரவேண்டும். கிளைக்கோஜன் நிறைந்த இன்னொரு தெளிசெல் கட்டி உண்டு, பெயரே சர்க்கரைக் கட்டி. கணையத்தில் அது முதன்முதலாகப் பதிவானது 1996-ல்தான்.

சித்தப்பாவின் முதல் ரிப்போர்ட்டில், தெளிசெல் கட்டி, எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்ல இயலாது என்றிருந்தது. இதுக்கா இத்தனை நாள் என்று சித்தி கோபப்பட்டார். எனக்கு மட்டும் அந்த 21 வயசுப் பையன் நினைவுக்கு வந்தான். அடுத்த சாயத்தில் தீவுச் செல் என்று உறுதியானது; ஆபரேஷன் ஆயிற்று. இந்தத் தையில் சித்தப்பா கரும்பு வெட்டுக்கு வயலில் நின்றார்.