பெயரை யார் சொல்வது?

பரிசு தானாக நடந்து வருவதில்லை. இவர்தான் தகுதியுடையவர் என்று எவரேனும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொன்னதற்குச் சான்று காட்ட வேண்டும். கிளைக் கூட்டத்திலே செயலாளரைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டுமல்லவா? முன்மொழிய நாவில்லாத பெயர், எத்துணைப் பெரிய பெயரானாலும், ஏட்டிலே ஏறாது. விஞ்ஞான உலகமும் இந்த விதிக்கு விலக்கன்று.

இதை எண்ணும்போதெல்லாம் நம் நெஞ்சிலே வந்து நிற்கும் பெயர் ஒன்று உண்டு. இராமச்சந்திரன்! இந்தப் பெயரைக் கேட்டதும் தோழர்களின் நினைவு திரைக்கும் ஓடும், கோட்டைக்கும் ஓடும். நாம் சொல்வது வேறொரு இராமச்சந்திரனை. மேடை ஏறாத இராமச்சந்திரன். மாலை விழாத இராமச்சந்திரன். ஆனால் புரதத்தை ஆராயும் ஆய்வுக்கூடம் எந்த நாட்டிலே இருந்தாலும் அங்கெல்லாம் அன்றாடம் உச்சரிக்கப்படும் இராமச்சந்திரன். ஜி. என். இராமச்சந்திரன்!

அவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்திலே பிறந்தார். தந்தை அவ்வூர்க் கல்லூரியிலே கணிதப் பேராசிரியர். பிறப்பைக் கேட்டு மதிப்பவர்கள் அல்ல நாம். உழைப்பைக் கேட்டு மதிப்பவர்கள். ஆகவே உழைப்பைச் சொல்வோம். திருச்சி புனித வளனார் கல்லூரியிலே இயற்பியல் படித்தார். 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இருந்தவர் சர் சி. வி. இராமன். இளைஞனின் கூர்மையைக் கண்டார். இயற்பியல் பக்கம் இழுத்துக் கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜ். கடல் கடந்து போனவர் அங்கேயே தங்கிவிடவில்லை; 1949-இல் தாயகம் திரும்பினார்.

1952. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடினார். இராமனையே அழைத்தார். இராமன் தாம் வர இயலாதென்றார். ஆனால் ஒரு பெயரைச் சொன்னார். முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞன் பெயர்! துணைவேந்தர் ஏற்றார். தோழர்களே, இங்கே நிறுத்தி எண்ணிப் பாருங்கள். சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்தார். கேட்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். அதனால் சென்னைக்கு ஓர் உலக விஞ்ஞானி கிடைத்தார். பெயர் சொல்வதன் வலிமை அது!

அதே காலத்திலே ஜே. டி. பெர்னால் என்னும் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் எவருக்கும் புலப்படவில்லை என்றார். கொலாஜன் எது? நம் தோலிலே, எலும்பிலே, தசைநாணிலே இருப்பது. உடம்பிலுள்ள புரதத்தில் கால் பங்குக்கும் மேல் அதுதான். குரோம்பேட்டையிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொழிலாளி கையாளுவது பெரும்பாலும் இந்தக் கொலாஜனைத்தான்.

அடையாறிலே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண். எங்கோ ஆஸ்திரேலியாவிலே துள்ளிய விலங்கின் வால், சென்னையிலே எக்ஸ்-கதிருக்கு முன்னே வைக்கப்பட்டது! கதிர் பாய்ந்தது, படம் விழுந்தது, கணக்குப் போட்டார்கள். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ‘நேச்சர்’ இதழிலே முடிவை வெளியிட்டனர்; 1955-இல் அதையே மேலும் செப்பனிட்டனர். கொலாஜன் என்பது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு! தேர் வடம் திரிப்பது போல, இயற்கை நம் உடம்புக்குள்ளே வடம் திரித்து வைத்திருக்கிறது என்று சென்னை சொன்னது.

சீமையிலே உடனே எதிர்ப்பு எழுந்தது. எழுப்பியவர்கள் சாமானியர்கள் அல்லர். மரபணுவின் வடிவத்தைக் கண்ட பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும். அணுக்கள் இப்படி நெருக்கியடித்துக் கொண்டு இருக்க முடியாது, இழைகளைச் சேர்க்கும் பிணைப்பும் நீர் சொன்னபடி இரண்டல்ல, ஒன்றுதான் என்றார்கள். பிணைப்பைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றே பிற்காலத்தில் வலுப்பெற்றது. மூன்று இழை வடம் என்னும் அடிப்படையோ அசையாமல் நின்றது. ஆனால் கேம்பிரிட்ஜின் குரல் உலகின் காதில் உரக்க விழுந்தது. சென்னையின் குரல் மெலிந்து விழுந்தது.

இராமச்சந்திரன் என்ன செய்தார்? அறிக்கை விட்டாரா? அழுதாரா? இல்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதையே அளந்து காட்டுகிறேன் என்று புறப்பட்டார். அதுவரை உலகிலே ஆராயப்பட்டிருந்த படிகங்களை எல்லாம் புரட்டி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு தூரம் நெருங்கும் என்று தொகுத்தார். எதிரி எறிந்த கல்லையே எடுத்து அடித்தளம் போட்டார்!

அந்த அடித்தளத்தின்மேல் 1963-இல் எழுந்ததுதான் ‘இராமச்சந்திரன் வரைபடம்’. உடன் உழைத்தவர்கள் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். இன்றைய கணினிகள் இல்லாத காலம். இம்மூவரின் கணக்கு அது.

அது என்ன வரைபடம்? திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் ஆலைகளிலே வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெல்டிங் செய்யும் ரோபோவின் கையைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு மூட்டுகள் உண்டு. ஒவ்வொரு மூட்டும் திரும்பும்; ஆனால் நினைத்தபடியெல்லாம் திரும்ப முடியாது. ஓரளவுக்கு மேல் திரும்பினால் கை தன் உடம்பிலேயே இடிக்கும், அல்லது வண்டியிலே இடிக்கும். புரதமும் அப்படிப்பட்ட சங்கிலிதான். அமினோ அமிலங்கள் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பும் இடம் இரண்டு. இரண்டும் எந்தெந்தக் கோணத்திலே திரும்பினால் அணுக்கள் மோதிக் கொள்ளா? இதைக் கட்டம் போட்டுக் காட்டினார்கள். அனுமதிக்கப்பட்ட பகுதி சிறிது. விலக்கப்பட்ட பகுதி பெரிது.

இதனால் விளைந்த பயன்? அதுவும் தோழர்கள் அறிந்ததே. ஆலையிலே ஒரு பாகம் வெளியே போகுமுன் கேஜ் வைத்துப் பார்க்கிறீர்கள். கேஜுக்குள் அடங்கினால் போகட்டும், அடங்காவிட்டால் ரிஜெக்ட்! உலகத்திலே எந்த விஞ்ஞானி ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகச் சொன்னாலும், அந்த வடிவம் இராமச்சந்திரன் வரைபடத்திலே வைத்துப் பார்க்கப்படுகிறது. கோணங்கள் விலக்கப்பட்ட பகுதியிலே விழுந்தால், எங்கோ பிழை, திரும்பப் பார் என்கிறார்கள். உலகப் புரதக் களஞ்சியத்திலே சேர்ந்துள்ள 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்களுக்கு இன்றும் இந்தச் சோதனை உண்டு. சென்னையிலே செய்த கேஜ், சீமைக்கும் அமெரிக்காவுக்கும் அளவுகோல்!

அவர் அத்தோடு ஓய்ந்தாரில்லை. 1971-இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து இன்னொரு கணக்கைத் தந்தார். பல திசைகளிலே எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உள்ளிருக்கும் உருவத்தைத் திரும்பக் கட்டும் முறை அது. தொழிலாளி தலையிலே அடிபட்டு ஈ.எஸ்.ஐ. அட்டையோடு ஓடும்போது சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்களே, அத்தகைய கருவிகள் படம் கட்டும் கணக்குக்கு வழி காட்டியவற்றில் இதுவும் ஒன்று.

இனிப் பரிசுக் கணக்குக்கு வருவோம். புரத வடிவம் கண்டதற்காக 1962-இல் பெருட்சும் கெண்ட்ரூவும் நோபல் பரிசு பெற்றனர். சி.டி. ஸ்கேனுக்காக 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் பெற்றனர். சிதம்பரத்திலே பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன் 2009-இல் பெற்றார்; மகிழ்ந்தோம். புரதத்தைக் கணினியால் வடிவமைத்ததற்கும் கணித்துரைத்ததற்கும் 2024-இல் பேக்கர், ஹசாபிஸ், ஜம்பர் மூவரும் பெற்றனர். அனைவரும் தகுதியுடையோரே, எவர் மீதும் நமக்கு அழுக்காறு இல்லை. ஆனால் இராமச்சந்திரனுக்கு அந்தப் பரிசு கிடைக்கவில்லை. பட்நாகர் பரிசு 1961-இல் வந்தது. இலண்டன் ராயல் சொசைட்டி 1977-இல் உறுப்பினராக்கியது. உலகப் படிகவியலாரின் எவால்ட் பரிசு 1999-இல், உடல் தளர்ந்து நோயிலே நொந்திருந்த காலத்திலே வந்தது. 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையிலே கண்மூடினார். இறந்தவருக்கு நோபல் பரிசு தருவதில்லை என்பது விதி. கதவு மூடிவிட்டது.

அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பதை அறிவோமா? நோபல் பரிசுக்குத் தன் பெயரைத் தானே எழுதியனுப்ப இயலாது. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினர்கள், முன்பே பரிசு பெற்றவர்கள், தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள், இவர்களைப் போன்றோரே எழுதலாம். ஜனவரி 31-க்குள் எழுத வேண்டும். எழுதியது 50 ஆண்டு வெளிவராது. எழுதும் உரிமை பெற்றவர்கள் மேலை நாடுகளிலே மிகுதி. ஒருவர் எழுதினால் போதாது. பலர் எழுத வேண்டும், ஆண்டுதோறும் எழுத வேண்டும். 1930-இல் இராமனுக்குப் பரிசு வந்ததென்றால், ரூதர்ஃபோர்டும் போரும் அவர் பெயரை எழுதினார்கள். எழுதுங்கள் என்று இராமனே கடிதம் போட்டுக் கேட்டார். அதிலே இழிவு இல்லை. உரிமையைக் கேட்பது இரப்பது ஆகாது. மேகநாத சாகாவின் பெயரும் பலமுறை எழுதப்பட்டது, பரிசு வரவில்லை. எழுதினால் கட்டாயம் கிடைக்கும் என்பதல்ல. எழுதாவிட்டால் கட்டாயம் கிடைக்காது என்பதே நாம் சொல்வது.

இது விஞ்ஞானிகள் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று எந்தத் தோழரும் எண்ண வேண்டாம். ஜிக்கை மாற்றி வேலையை எளிதாக்கும் வழி தொழிலாளிக்குத் தோன்றுகிறது. சொல்கிறான். வழி மேலே போகிறது. அவன் பெயரோ கீழேயே நின்று விடுகிறது. பாராட்டு விழாவிலே வேறொருவர் கைகுலுக்குகிறார். இராமச்சந்திரனுக்கு உலக அரங்கிலே நேர்ந்தது, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஷெட்டுக்குள்ளே நேர்கிறது. அளவிலே வேறுபாடு, அநீதியிலே வேறுபாடு இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? பல்கலைக்கழகத்திலே இருப்போர், பட்நாகர் பரிசாயினும் மாநில விருதாயினும் உலகப் பரிசாயினும், தகுதியுள்ள இளைஞர் பெயரைக் காலத்திலே எழுதியனுப்பட்டும். நாளை பார்ப்போம் என்பது மூப்புக்கும் நோய்க்கும் வழி விடுவது. தலைவர் பெயரை மட்டும் எழுதாமல் கர்த்தா, சசிசேகரன், இராமகிருஷ்ணன், இலட்சுமிநாராயணன் போன்ற துணைவர் பெயரையும் சேர்த்து எழுதட்டும். தொழிற்சங்கத் தோழர்கள், நல்ல யோசனை சொன்னவன் பெயரைத் தாளிலே எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். ஆலைகளிலே பணிபுரியும் தாய் தந்தையர், பிள்ளைகளுக்கு இந்த இராமச்சந்திரனின் கதையையும் சொல்லட்டும்.

பரிசு அவருக்கு வரவில்லை; குறை பரிசுக்குத்தான். ஆனால் நாளை வரப்போகும் இராமச்சந்திரன் எந்தப் பள்ளியிலே எந்தப் பெஞ்சிலே உட்கார்ந்திருக்கிறானோ, உட்கார்ந்திருக்கிறாளோ! அந்தப் பெயரை உரக்கச் சொல்லும் கடமை நம்முடையது. சொல்வோம்!