சுவரை வாசித்த பேராசிரியர்

சீகிரியாக் குன்றில் ஏறுவோர் பாதி வழியில் கண்ணாடிச் சுவரைக் கடந்து செல்வர். அங்குள்ள ஓவியப் பெண்களைக் கண்டு வியந்த பழங்காலப் பயணிகள் தமது எண்ணங்களை அச்சுவரில் பாடல்களாகக் கீறி வைத்தனர். மங்கிப்போன அந்த எழுத்துகளை உலகம் அறியச் செய்தவர் பேராசிரியர் செனரத் பரணவிதான ஆவார்.

இவர் 1896 ஆம் ஆண்டு காலிக்கு அருகே பிறந்தார். 1940 முதல் 1956 வரை தொல்பொருள் ஆணையாளராகப் பணியாற்றினார். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட 685 பாடல்களை வாசித்து, 1956 இல் நூலாக வெளியிட்டார். அவர் வாசித்தது சரியா என்று ஐயுறுபவர் சுவரருகே சென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவரும் பிறர் சொன்னதை அப்படியே ஏற்றவரல்லர். ஓவியப் பெண்கள் பிதுரங்கல விகாரைக்குச் செல்லும் அரண்மனைப் பெண்கள் என்றார், முன்னாள் ஆணையாளர் பெல். பரணவிதான அதை மறுத்தார். காசியப்ப மன்னன் சீகிரியாவைக் குபேரனின் அளகாபுரி போல அமைத்தான் என்றும், அப்பெண்கள் முகிலையும் மின்னலையும் குறிப்பவர்கள் என்றும் விளக்கினார். ஓவியங்கள் எல்லோர் கண்முன்னும் இருந்தமையால், அது அறிஞர்கள் வாதிடக்கூடிய கருத்தாக இருந்தது.

முதுமையில் நிலைமை மாறியது. பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே வேறு நுண்ணிய எழுத்துகள் உள்ளன என்று கூறி, அவற்றைக் கொண்டு புதிய வரலாறு எழுதினார். சீகிரியாவின் கதையையும் அவ்வாறே எழுதினார். அந்த எழுத்துகளோ பிறருக்குப் புலப்படவில்லை. 1967 இல் இளம் வரலாற்றாசிரியரான லெஸ்லி குணவர்தன அவரது முடிவுகளை ஆராய்ந்து மறுத்தார். ஏனைய அறிஞர்களும் அவற்றை ஏற்கவில்லை. 1972 இல் பேராசிரியர் காலமானார்.

அவர் பிறந்த அதே 1896 இல்தான், நிலக்கரியை எரிப்பதால் பெருகும் காபனீரொட்சைட்டு பூமியைச் சூடாக்கும் என்று சுவீடன் விஞ்ஞானி அரேனியஸ் கணக்கிட்டார். அதைக் கடல் உறிஞ்சிவிடும் என்று பலர் ஐயுற்றனர். அந்த ஐயங்களும் சோதிக்கப்பட்டன. 1958 முதல் ஹவாய்த் தீவில் காற்றிலுள்ள அவ்வாயு தொடர்ந்து அளக்கப்படுகிறது. அதன் அளவு கூடிக்கொண்டே வருகிறது. சூரியனும் எரிமலைகளும் மட்டும் இன்றைய வெப்பத்துக்குக் காரணமாக முடியாது என்பதும் தெளிவாயிற்று. மனிதச் செயலே பூமியை வெப்பமாக்கியது என்பதில் ஐயமில்லை என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021 இல் அறிவித்தது.

விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் தலையாட்டுகிறார்கள் என்று இன்றும் சிலர் சொல்கின்றனர். அறிஞர்கள் அப்படித் தலையாட்டுபவர்களாயின், நாட்டின் தலைசிறந்த தொல்லியலாளரின் இறுதிக் கண்டுபிடிப்புக்கே முதலில் தலையாட்டியிருப்பார்கள். அவரது புகழை மதித்தும், சான்று காணாததை அவர்கள் ஏற்கவில்லை. காலநிலை மாற்றத்தையும் பல நாட்டவர் தனித்தனியே அளந்து, ஒரே முடிவைக் கண்டனர்.

சகோதரிகளே, ஐயப்படுவது நமது உரிமை. ஐயப்பட்டபின் சான்றைத் தேடிப் பார்ப்பது நமது கடமை. சீகிரியாவைச் சூழவுள்ள விவசாயி பருவமழையை நம்பியே விதைக்கிறார். நாம் தேடாமல் மறுத்துக் காலத்தைக் கடத்தினால், அதன் நட்டம் முதலில் அவருடைய வயலுக்கே வரும்.