வாக்குப் பொறி வடித்த எழுத்தாளர்

கதை எழுதுபவருக்குக் கணக்கு வராது என்பார்கள். பொறியியல் படித்தவருக்குத் தமிழ் வராது என்பார்கள். இவ்விரு சொல்லையும் பொய்யாக்கியவர் எழுத்தாளர் சுஜாதா. அவருடைய நாவல்களை அறிந்தோர் பலர். தேர்தல் நாளில் நாம் அழுத்தும் பொத்தானுக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருப்பதை அறிந்தோர் சிலரே.

ரங்கராஜன் என்பது அவருடைய இயற்பெயர். 1935 மே 3ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் நம்மைப்போலவே பி.எஸ்ஸி. படித்தார். பின்னர்க் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்றார். விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றியபின் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மனைவியின் பெயரையே புனைபெயராக்கிக் கொண்டார்.

அந்நிறுவனமும் ஐதராபாத்தின் மற்றோர் அரசு நிறுவனமும் வாக்குப்பதிவு இயந்திரங்களை உருவாக்கின. பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர்களுள் முதன்மையானவர் சுஜாதா. அதற்காக வாஸ்விக் விருதும் பெற்றார்.

அந்த இயந்திரத்தின் சிறப்பு அதன் எளிமை. அதிகாரியின் மேசையில் ஒரு பெட்டி, மறைவிடத்தில் ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்க ஐந்து மீட்டர்க் கம்பி. அதிகாரி அனுமதித்தால்தான் ஒரு வாக்கு விழும். அடுத்த அனுமதிவரை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. வெளி உலகின் எந்த வலையமைப்போடும் அதற்குத் தொடர்பு கிடையாது. மின்சாரம் இல்லாத ஊரிலும் மின்கலத்தால் இயங்கும். செல்லாத வாக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆயினும் பாதை மலர் விரிப்பாக இல்லை. 1982ஆம் ஆண்டு கேரளச் சட்டமன்றத் தேர்தலில் பரவூர்த் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. வெற்றி வித்தியாசம் 123 வாக்குகள். தோற்றவர் வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டால் மறுதேர்தல் நடந்தது. முன்பு தோற்றவரே வென்றார்! 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தால் நடந்தது. 2004இல் நாடாளுமன்றத் தேர்தலும் அவ்வாறே நடந்தது.

கருவி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, சட்டமும் மக்களும் அதை ஏற்க வேண்டும் என்பதே பரவூர் தந்த பாடம். மாத்தூரில் எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எழுத்தறியாத என் ஆயா, சின்னம் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டு வந்து, அது அந்தச் சின்னத்துக்குத்தான் போய்ச் சேர்ந்ததா என்று என்னைக் கேட்டார். அக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியுமா? வாக்குப்பதிவைச் சாதாரணக் குடிமகனே சரிபார்க்க இயல வேண்டும் என்று 2009இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமும் கூறி, அங்கே பயன்பட்ட இயந்திரங்களை ஏற்க மறுத்தது. நம் நாட்டில் 2013 முதல் சின்னம் அச்சிட்ட தாளை ஏழு நொடி கண்ணாடி வழியே காட்டும் கருவியும் சேர்ந்தது. 2008 பிப்ரவரி 27இல் மறைந்த சுஜாதா அதைக் காணவில்லை.

செய்வது ஒரு கலை; செய்ததைப் புரியவைப்பது மற்றொரு கலை. சுஜாதா இரண்டிலும் வல்லவர். 'ஏன், எதற்கு, எப்படி' என்று வாசகரின் ஐயங்களுக்கு எளிய தமிழில் விடை எழுதினார். அறிவியலை மக்களிடம் கொண்டு சென்றதற்காக 1993இல் மத்திய அரசின் விருதையும் பெற்றார்.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் மின்சுற்று மதிப்பெண்ணோடு முடிந்துவிடலாகாது. வீட்டில் நம்மைக் கேள்வி கேட்கக் காத்திருப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளங்கும் சொல்லில் விடை சொல்வதே நாம் பெறும் பட்டத்துக்குப் பெருமை.