டாங்க் மூடியில் ஒரு பெயர்

காலை ஏழு மணிக்கு நம்ம கல்லூரி வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள், நண்பர்களே! வாழைத்தார் ஏற்றிய குட்டி யானை ஒன்று போகும். கம்பி ஏற்றிய பிக்கப் ஒன்று போகும். பின்னாலேயே தண்ணீர் கேன் வண்டி வரும். பெரும்பாலான வண்டிகளின் டாங்க் மூடியில் டீசல் என்று எழுதியிருக்கும். அதை எண்ணெயின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர்.

அந்த மனிதரைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் வந்தது. எங்க பெரியப்பா காய்கறி மண்டிக்கு லோடு அடிப்பவர். போன வருஷம் அவருக்கு இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு வந்தன. ஒன்று குட்டி யானை, இன்னொன்று 2.5 லிட்டர் பொலேரோ பிக்கப். ஆட்டோமொபைல் படிக்கிற பிள்ளை ஆச்சே, எது நல்லது என்று என்னிடம் கேட்டார். எனக்கு குதிரைத்திறனை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் தெரிந்தது. அது போதாது என்பதைக் கற்றுக்கொடுத்தவர் ருடால்ஃப் டீசல்.

தள்ளுவண்டிச் சிறுவன்

1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார் டீசல். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். அப்பா தியோடர் தோல் பொருள்கள் செய்து விற்றார். அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. மனுஷன் லோடு அடித்துத்தான் வாழ்க்கையையே ஆரம்பித்திருக்கிறார்!

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியக் குடும்பம் பாரிஸில் இருக்க முடியவில்லை, லண்டனுக்குப் போனார்கள். வறுமை. பன்னிரண்டு வயசுப் பையனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த உறவினர் அங்கே தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர். அதே பள்ளியில் சேர்ந்த ருடால்ஃப் முதல் மாணவராகத் தேறினார். படித்தது போதும், சம்பாதிக்கலாம் என்பது பெற்றோரின் விருப்பம். அதை மீறி, உதவித்தொகை பெற்று, 1875இல் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். ஆமாம் நண்பர்களே, பாலிடெக்னிக்! ஆனால் அது நம்ம டிப்ளமோ போன்றதல்ல. பின்னாளில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்த உயர்கல்வி நிலையம் அது.

அங்கே ஆசிரியர் கார்ல் லிண்டே, குளிர்பதன இயந்திரத்தில் பேர்பெற்றவர். நீராவி எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை, மீதி எல்லாம் வீண் என்று வகுப்பில் அவர் விளக்கினார். மற்ற மாணவர்களைப் போல நோட்டில் எழுதிக்கொண்டதோடு டீசல் விடவில்லை. அந்த வீணாகும் வெப்பம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. 1879இல் டைஃபாய்டு வந்து இறுதித் தேர்வு தவறியது. (அரியர் வைத்த நண்பர்கள் ஆறுதல் கொள்க!) 1880 ஜனவரியில் எழுதி உயர்ந்த தகுதியுடன் தேறினார்.

எஞ்சின் பிறந்த கதை

பத்து ஆண்டுக்கும் மேலாக லிண்டேயின் குளிர்பதனத் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டே தன் எஞ்சினைப் பற்றி யோசித்தார். யோசனை இதுதான்: சிலிண்டருக்குள் காற்றை மட்டும் நன்றாக அழுத்தினால் அது தானாகவே கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அப்போது எரிபொருளைச் செலுத்தினால் ஸ்பார்க் பிளக் இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1893இல் கிடைத்தது.

அந்த எஞ்சின் யாருக்காக? பெரிய ஆலைக்காரனிடம்தான் நீராவி எஞ்சின் இருந்தது. சின்னப் பட்டறைக்காரனும் தன் கூரைக்கடியில் ஒரு எஞ்சின் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவருடைய கனவுகளில் ஒன்று.

1893 ஆகஸ்ட் 10, ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை. அழுத்தம் 80 மடங்கு காற்றழுத்தத்தைத் தொட, அதை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மயிரிழையில் தப்பினார். ஆனால் தானாகப் பற்றும் என்பது நிரூபணமாகிவிட்டது! 1894 பிப்ரவரி 17இல் இரண்டாம் எஞ்சின் சுமார் ஒரு நிமிஷம் தானே ஓடியது. ஒரே ஒரு நிமிஷம். அதற்குப் பிறகும் மூன்று வருஷப் பாடு. 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்தார். 20 குதிரைத்திறன், எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்துக்குச் சற்று மேல் வேலையாக மாறியது. உலகமே திரும்பிப் பார்த்தது. உரிமம் வாங்க நாடு நாடாக வந்தார்கள். டீசல் கோடீஸ்வரரானார்.

பட்டறையில் நின்றுபோன எஞ்சின்

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோதனை மேடையில் பொறியாளர்கள் சூழ நின்று ஓட்டிய எஞ்சின் வேறு. தினமும் காலையில் ஒரு தொழிலாளி கிளப்பி மாலை வரை ஓட்டும் எஞ்சின் வேறு. விற்ற எஞ்சின்கள் நடுவேலையில் நின்றன. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். டீசலின் உடம்பும் மனசும் கெட்டு, 1898இல் சிகிச்சை நிலையத்தில் படுக்க வேண்டியதாயிற்று. ஆக்ஸ்பர்க் பொறியாளர்கள் பொறுமையாகக் குறைகளைக் களைந்த பிறகுதான் எஞ்சின் நிலைபெற்றது. 1912இல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசலில் கடல் கடந்தது.

ஆனால் சின்னப் பட்டறைக்காரனின் எஞ்சின் என்ன ஆயிற்று? 1897 எஞ்சின் சுமார் 3 மீட்டர் உயரம், எடை 4½ டன். அந்தக் காலத்தில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊத, உயர் அழுத்தக் காற்று வேண்டும். அதற்குத் தனி கம்ப்ரசர் வேண்டும். வண்டியில் இதை எங்கே தூக்கி வைப்பது? 1908இல் லாரிக்காகச் சின்ன எஞ்சின் ஒன்றை முயன்று பார்த்தார். அது கைகூடவில்லை.

வழக்குகளாலும் முதலீட்டு நஷ்டங்களாலும் பணமும் கரைந்தது. 1913 செப்டம்பர் 29 இரவு, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். காலையில் அறையில் ஆள் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலில் இருந்த பொருள்களை மகன் அடையாளம் காட்டினார். வயது 55. அந்த இரவில் என்ன நடந்தது என்பதற்கு இன்றுவரை முடிவான விடை இல்லை.

அவர் போன பிறகு கனவு பலித்தது. பென்ஸ் கம்பெனியின் 5 டன் லாரி 1923இல் டீசலில் ஓடியது, எம்.ஏ.என். லாரி 1924இல் வந்தது. 1927இல் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்பைத் தொகுதியாகத் தயாரிக்கத் தொடங்கியதும் கம்ப்ரசருக்கு வேலை இல்லாமல் போனது. 2005இல் வந்த குட்டி யானையின் எஞ்சின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன்தான். டீசலின் 4½ டன் எஞ்சினை விடக் குறைவு! ஆனால் முக்கால் டன் லோடுடன் சந்துக்குள் நுழைந்து திரும்புகிறது. தள்ளுவண்டிச் சிறுவன் பார்த்திருக்க வேண்டிய வண்டி!

பெரியப்பாவுக்கு என் பதில்

டீசலின் வாழ்க்கை ஒன்றைச் சொல்கிறது: எஞ்சினுக்கு மார்க் போட வேண்டியது சோதனை மேடை அல்ல, அன்றாட வேலை. அதனால் நான் புத்தகத்தை மூடிவிட்டுப் பெரியப்பாவோடு பத்து நாள் மண்டிக்குப் போனேன். ஒவ்வொரு நடைக்கும் எடையைக் குறித்தேன். தினமும் ஒன்றரை டன் அடிக்கிறேன் என்பது அவர் நினைப்பு. நோட்டில் பார்த்தால் எட்டு நாள் 600 கிலோவைத் தாண்டவில்லை! தூரமும் குறைவு, தெருவும் குறுகல். அவருக்குக் குட்டி யானையே போதும். மற்ற இரண்டு நாளுக்கு வாடகை வண்டி பிடித்தாலும் லாபம். தினமும் ஒரு டன்னுக்கு மேல், நெடுஞ்சாலை, மலைப்பாதை என்றால் பிக்கப்தான் சரி. சின்ன வண்டியில் அதை ஏற்றினால் கிளட்ச் பிளேட்டும் பட்டையும்தான் அழும்.

வண்டி ஒப்பிடும் நண்பர்கள் இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள். இழுவிசை எத்தனை ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்று பாருங்கள். குறைந்த சுற்றிலேயே இழுக்கிற வண்டிதான் லோடோடு மேட்டில் கியர் மாற்றாமல் ஏறும். காமன் ரெயில் வண்டியில் டீசல் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேல் அழுத்தப்படுகிறது. துளித் தண்ணீர், துளித் தூசி போனாலும் இன்ஜெக்டர் செலவு வைக்கும். ஃபில்டரில் கஞ்சம் வேண்டாம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது சூடேறினால்தான் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நாள் முழுக்க ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வேலை என்றால் அடைத்துக்கொள்ளும். அந்த வேலைக்கு டீசல்தான் வேண்டுமா என்றே யோசிக்கலாம். இதைச் சொன்னால் டீசல் கோபித்துக்கொள்ள மாட்டார். வீணாவதைப் பொறுக்காதவர்தானே அவர்!

பெரியப்பா குட்டி யானையையே வாங்கினார். கடன் தவணை இதுவரை தவறவில்லை.

நண்பர்களே, நாளை நாமும் ஏதாவது ஒரு இயந்திரத்தைச் செய்வோம், பழுது பார்ப்போம், வாங்கச் சொல்லி யாருக்காவது யோசனை சொல்வோம். லேப்பில் ரீடிங் சரியாக வந்தது என்று நிறுத்திவிடாமல், அதை வைத்துப் பிழைக்கப் போகிறவரின் ஒரு நாளைக் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்!