குடியரசுக் கணவாயும் ஒரு பட்டு வியாபாரியும்

நம்ம ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டுல நிக்கிற கியர் சைக்கிள்களை ஒரு நாள் எண்ணிப் பாருங்க. பாதிக்கு மேல ஒரே கியர்ல துருப்பிடிச்சுப் போயிருக்கும். கேட்டா, "பிளாட் ரோடுதானே மச்சி" என்று பதில் வரும். அந்தக் கியர் லீவருக்காக ஒரு மனுஷன் முப்பது வருஷத்துக்கும் மேல சண்டை போட்டிருக்கார். அவரோட கதைதான் இது.

பெயர் பால் த விவி. 1853-ல் தெற்கு பிரான்ஸில் பெர்ன் லே ஃபோன்தேன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வான்டூ மலை அந்தப் பக்கத்து வானத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். உயரம் 1,900 மீட்டருக்கு மேல். இன்று டூர் டி பிரான்ஸ் பார்க்கிற எல்லோருக்கும் அந்த மொட்டைத் தலை மலையைத் தெரியும். ஆனால் அவர் வாழ்ந்தது, தொழில் செய்தது, கடைசியில் இறந்தது எல்லாம் வடக்கே இருக்கிற செயின்ட் எத்தியென் நகரத்தில்.

அந்த ஊரைப் பற்றி கொஞ்சம் சொல்லியாகணும். நிலக்கரிச் சுரங்கம், துப்பாக்கித் தொழிற்சாலை, பட்டு ரிப்பன் தறி. இரும்பை அரைச்சுத் தேய்ச்சு எதையாவது செய்கிற கைகள் தெருவுக்குத் தெரு இருந்த ஊர். பிரான்ஸின் முதல் நவீன சைக்கிள் 1886-ல் அங்கேதான் செய்யப்பட்டது. ஊரைச் சுற்றி மலை. தெற்கே போகணும்னா முதல் வேலையே ஏறுவதுதான். அந்த ஏற்றத்தின் உச்சியில் இருப்பது கோல் த லா ரிபப்ளிக், அதாவது குடியரசுக் கணவாய். உயரம் 1,161 மீட்டர். ஊரிலிருந்து பார்த்தால் சுமார் 600 மீட்டர் செங்குத்து உயரம் ஏறியாகணும்.

த விவி பட்டு வியாபாரம் செய்தவர். நல்லா ஓடின வியாபாரம். 1881-ல், 28 வயதில், ஒரு பெரிய முன்சக்கர சைக்கிள் வாங்கினார். பழைய படங்களில் பார்த்திருப்பீங்களே, முன்னாடி ஆளுயரச் சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம், விழுந்தா நேரா மூஞ்சிதான். அதிலிருந்து அவர் மீளவே இல்லை. சில வருஷத்தில் பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு, 1887-ல் சைக்கிள் கடை திறந்தார். இங்கிலாந்திலிருந்து வண்டிகளை வரவழைத்து விற்றார். அதே வருஷம் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். அதுதான் பின்னால் 'லெ சைக்ளிஸ்த்' என்று பெயர் பெற்றது. அதில் எழுத வைத்துக்கொண்ட புனைபெயர் வெலோசியோ. நாளடைவில் சொந்தப் பெயரே மறந்து, ஊருக்கும் உலகத்துக்கும் அவர் வெலோசியோ ஆகிவிட்டார். வீட்டில் என்ன சொன்னாங்களோ! நல்லா நடக்கிற தொழிலை விட்டுட்டு சைக்கிள் கடை வைக்கிறேன்னு இன்னிக்கு நாம சொன்னாலும் வீட்டுல என்ன நடக்கும்னு தெரியும்தானே.

1889-ல் தன் கடையிலேயே 'லா கோலுவாஸ்' என்ற வண்டியைச் செய்தார். அதுக்கு ஒரே கியர். அந்தக் காலத்து சைக்கிள் எல்லாத்துக்குமே அப்படித்தான். இங்கேதான் எல்லாரும் சொல்கிற ஒரு கதை வருது. ஒரு நாள் வெலோசியோ மூச்சு வாங்கக் குடியரசுக் கணவாயில் ஏறிக்கொண்டிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு இளைஞர் வாயில் பைப் புகைத்தபடி, அலட்டிக்கொள்ளாமல், அவரைத் தாண்டிப் போகிறார். பத்திரிகை ஆசிரியரை அவருடைய வாசகரே முந்திட்டார்! வேற யாரா இருந்தாலும் அன்னிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பாங்க. இவர் வீட்டுக்குப் போய் கணக்கு போட ஆரம்பித்தார்.

கணக்கு நமக்கும் தெரிஞ்சதுதான். ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மீட்டர் ஏற சுமார் 5 லட்சம் ஜூல் வேண்டும். எந்தக் கியர் போட்டாலும் அது குறையாது. ஆனால் அதைக் காலிடம் எப்படிக் கேட்கிறோம் என்பது மாறும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்பதுதான் பிரெஞ்சுக்காரர்களின் கியர் அளவு. 5 மீட்டர் கியரில், 5 சதவீத ஏற்றத்தில், பெடல் மேல் சராசரியாக சுமார் 20 கிலோ அழுத்தம் தேவைப்படும். அதுவும் சராசரிதான். பெடல் மேலும் கீழும் இருக்கும் நேரத்தில் விசை ஏறாது என்பதால் நடுவில் அதைவிட ரொம்ப அதிகமா மிதிக்கணும். 2.5 மீட்டர் கியரில் அது பாதியாகிவிடும். வேகம் அதேதான். நிமிடத்துக்கு 30 சுற்றுக்குப் பதில் 60 சுற்று மிதிப்பீங்க, அவ்வளவுதான். முட்டி தப்பிக்கும். ஆனா அதே 2.5 மீட்டர் கியரோட சமவெளியில் போனா, கால் பம்பரமா சுத்தும், வண்டி நகராது. ஆக ஒரே வண்டியில் ரெண்டும் வேணும்.

முதலில் அவர் செய்தது ரொம்ப எளிமை. முன்னால் வெவ்வேறு அளவில் ரெண்டு பல்சக்கரம். ஏற்றம் வந்தா இறங்கி, செயினைக் கையால் தூக்கி மாத்திப் போடணும். கை முழுக்க கிரீஸ். அடுத்து இடது பக்கத்திலும் அதே மாதிரி பல்சக்கரம் வைத்தார். இப்போ நாலு கியர். அப்புறம் இங்கிலாந்திலிருந்து முன் பல்சக்கரமே விரிந்து சுருங்குகிற வண்டிகள் வந்தன. அதையும் ஓட்டிப் பார்த்தார். அதே ஊர்த் தொழிற்சாலை ஒன்று 'ஹிரோந்தெல்' என்ற பெயரில் இன்னொரு வேடிக்கையான வண்டியை விற்றது. முன்னோக்கி மிதிச்சா ஒரு கியர், பின்னோக்கி மிதிச்சா இன்னொரு கியர். ரெண்டிலும் வண்டி முன்னாடிதான் போகும். (மெக்கானிசம் லேப்ல இதை யாராவது செஞ்சு காட்டினா நான் மதிய சாப்பாடு வாங்கித் தர்றேன்.) அவருடைய நண்பர் வட்டத்திலிருந்த ஜோவானி பனேல், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானே தள்ளுகிற 'ஷெமினோ' என்ற டீரெய்லரைச் செய்தார். நம்ம ஸ்டாண்டுல துருப்பிடிச்சு நிக்கிறதோட தாத்தா அது.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது அவர் சோதித்த விதம்தான். அவருக்கு லேப் கிடையாது. ஊரைச் சுற்றியிருந்த மலைதான் லேப். ஒரு புதுக் கியர் வந்தா, ராத்திரியே கிளம்பி, குடியரசுக் கணவாய் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியா 200 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தன் பிறந்த மண்ணுக்கே போய்விடுவார். போகும்போது மிஸ்த்ரால் என்ற வடகாற்று முதுகில் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று மூஞ்சியில் அறையும். வான்டூ மலை மேல் பல தடவை ஏறியிருக்கிறார். 1900-ல், 47 வயதில், சுவிட்சர்லாந்து, இத்தாலிப் பக்கம் ஆல்ப்ஸின் உயரமான கணவாய்களுக்குப் போனார். திரும்பி வந்து என்ன கியர், எங்கே செயின் கழன்றது, என்ன சாப்பிட்டேன், எங்கே தூங்கினேன் என்று எல்லாத்தையும் பத்திரிகையில் எழுதிவிடுவார். தோற்ற கியரையும் மறைக்க மாட்டார். கடைக்காரர் தன் சரக்கையே இப்படி வெளிப்படையா எழுதுவாரான்னு தோணும். எழுதினார்.

சோதனை கியரோடு நிற்கவில்லை. சின்னச் சக்கரமும் தடிமனான டயரும் மோசமான ரோட்டுக்கு நல்லது என்று சொல்லி, 50 சென்டிமீட்டர் சக்கரத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டினார். தன் உடம்பும் அவருக்கு ஒரு மெஷின்தான். இறைச்சியை விட்டார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி, ஆரம்ப மணி நேரங்களில் வேகம் காட்டாதே, பெருமைக்காக மிதிக்காதே என்கிற மாதிரி நீண்ட பயணத்துக்குச் சில விதிகளை வகுத்தார். இன்றும் நீள்தூரம் ஓட்டுபவர்கள் பின்பற்றுவது கிட்டத்தட்ட அதையேதான்.

ஆனால் எதிர்ப்பு பலமா இருந்தது. பாரிஸ் பத்திரிகையாளர் ஆன்ரி தெக்ராஞ்ச் 1903-ல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கியவர். அந்த முதல் பந்தயத்திலேயே லியோனிலிருந்து மார்சே போகும் கட்டம் குடியரசுக் கணவாய் வழியாகத்தான் போனது, வெலோசியோவின் வாசல் வழியா என்றே சொல்லலாம். தெக்ராஞ்சுக்கு கியர் என்றாலே பிடிக்காது. அது 45 வயதைத் தாண்டியவர்களுக்கானது, தசையால் ஜெயிக்கிறதுதான் ஜெயிப்பு என்பது அவர் கட்சி. அதற்கு முந்தைய வருஷம், 1902-ல், பிரெஞ்சு டூரிங் கிளப் பிரனீஸ் மலையில் 2,115 மீட்டர் உயர தூர்மலே கணவாயை வைத்து ஒரு சோதனைப் போட்டி நடத்தியிருந்தது. மார்த் ஹெஸ் என்ற பெண் கியர் வைத்த கோலுவாஸ் வண்டியில் அந்தப் பாதையை ஓட்டி முடித்திருந்தார். அதுக்கப்புறமும் தெக்ராஞ்ச் மனசு மாறலை. அதனால டூர் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினார்கள். சக்கரத்தின் ரெண்டு பக்கமும் வெவ்வேறு பல்சக்கரம் இருக்கும். குளிரில் விரல் மரத்துப் போன நிலையில் அந்த நட்டைத் திருகுவதை நினைச்சுப் பாருங்க.

தெக்ராஞ்ச் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லணும். பந்தயம் என்றால் எல்லாருக்கும் ஒரே கஷ்டம் இருக்கணும் என்று அவர் நினைத்தார். ஆனால் வெலோசியோ பார்த்தது பந்தய வீரனை இல்லை. வாரம் முழுக்கக் கடையிலோ பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மலை உச்சிக்குப் போகணும்னு ஆசைப்படுகிற ஐம்பது வயதுக்காரரை. கியர் இல்லாட்டி அந்த ஆள் பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். அடுத்த வாரம் வரவே மாட்டார்.

அப்படிப்பட்டவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஈஸ்டர் சமயத்தில் புரோவென்ஸில் கூடினார்கள். 1920-களில் செயின்ட் எத்தியென்னில் அவர் பெயரிலேயே ஒரு நாள் கொண்டாட ஆரம்பித்தார்கள். எல்லாரும் சேர்ந்து குடியரசுக் கணவாய் ஏறுவதுதான் கொண்டாட்டம். எழுபது தாண்டியும் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

1930-ன் தொடக்கத்தில், 76 வயதில், சைக்கிளைக் கையில் பிடித்தபடி செயின்ட் எத்தியென்னில் ரோட்டைக் கடந்தார். வந்த காருக்கு வழி விட்டுப் பின்வாங்கியபோது டிராம் வண்டி மோதி இறந்தார். அத்தனை கணவாய்களின் இறக்கத்தில், அந்தக் காலத்துப் பிரேக்கை நம்பி, இரவிலும் பனியிலும் இறங்கி வந்தவர்!

டூர் டி பிரான்ஸ் டீரெய்லரை அனுமதித்தது 1937-ல். ஏழு வருஷம் தாமதம். கணவாயின் மேலே அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஏறி வருகிறவர்கள் வழக்கமாக அங்கே நின்று மூச்சு வாங்குவார்கள். பிறகு செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்குத் தள்ளிவிட்டு, ரோன் பள்ளத்தாக்கைப் பார்த்து இறங்கிப் போவார்கள்.